உயர்ரக அக்கூஸ்டிக் கிட்டார்: உங்கள் கைக்கும் காதுக்கும் ஏற்றதைத் தேர்ந்தெடுப்பது எப்படி

கிட்டாரின் விலை ஓர் உயரத்தைத் தாண்டிவிட்டால், "எது நல்ல கிட்டார்?" என்று கேட்பதில் பெரிய பயன் இல்லை. மார்ட்டின், கிப்சன், டெய்லர், காலிங்ஸ், சான்டா குரூஸ், லோடன் என்று யார் செய்ததாக இருந்தாலும், அந்த விலையில் ஒட்டுப்பலகை கலக்காத முழு மரமும் ஒழுங்கான ஃப்ரெட் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) வேலையும் நிலையாக நிற்கும் சுருதியும் பொதுவாகக் கிடைத்துவிடும். அதற்கு மேல் நாம் கொடுக்கும் பணம் ஒரு குணத்துக்காக. அந்தக் குணம் உங்கள் கையோடும் நீங்கள் வாசிக்கும் பாட்டோடும் ஒத்துப்போனால் கிட்டார் பல வருடம் மடியை விட்டு இறங்காது. ஒத்துப்போகாவிட்டால் எவ்வளவு பெரிய பெயர் பொறித்திருந்தாலும் பெட்டிக்குள்தான் கிடக்கும்.

நான் பாடிக்கொண்டே வாசிப்பவள். என் குரல் கீழ் ஸ்தாயியில்தான் சௌகரியமாக நிற்கும். வலது கையில் நகம் வளர்ப்பதில்லை, விரல் சதையால்தான் மீட்டுகிறேன். பிக் (கம்பியை மீட்டும் சிறு தகடு) எடுப்பது எப்போதாவதுதான். இதை முதலிலேயே சொல்லக் காரணம், கீழே நான் சொல்லப்போகும் ரசனை முழுக்க இந்தக் கையிலிருந்தும் இந்தக் குரலிலிருந்தும் வந்தது. உங்கள் கை வேறு, குரல் வேறு. என் முறையை எடுத்துக்கொள்ளுங்கள், முடிவு உங்களுடையதாக இருக்கட்டும்.

முதலில் உங்கள் வாசிப்பை எழுதிப் பாருங்கள்

எந்தக் கிட்டாரையும் தொடுவதற்கு முன்னால் ஒரு தாளில் எழுத வேண்டியவை சில இருக்கின்றன. கடந்த சில மாதங்களில் நீங்கள் நிஜமாகவே வாசித்த பாட்டுகள். என்றாவது வாசிக்க ஆசைப்படும் பாட்டுகள் இந்தப் பட்டியலில் வேண்டாம். அவை எந்தச் சுருதியில், கேபோ (எல்லாக் கம்பிகளையும் ஒரே ஃப்ரெட்டில் அழுத்திப் பிடிக்கும் கவ்வி) எந்த ஃப்ரெட்டில், பிக்கா விரலா, ஸ்ட்ரம்மிங்கா ஒவ்வொரு கம்பியாக மீட்டுவதா, தனியாகவா மற்றவர்களோடு சேர்ந்தா, உட்கார்ந்தா நின்றா. இவ்வளவு எழுதினாலே தேர்வில் பாதி முடிந்துவிடும்.

உதாரணமாக, பெரும்பாலான பாட்டுகளுக்கு நீங்கள் கேபோவை நான்காவது ஃப்ரெட்டில் வைப்பவர் என்றால், திறந்த ஆறாவது கம்பியின் கம்பீரம் உங்களுக்கு அதிகம் பயன்படாது. கேபோ போட்ட பிறகும் ஒலி மெலிந்துபோகாத கிட்டார்தான் உங்களுக்கு வேண்டும், சோதனையையும் கேபோ போட்டே செய்ய வேண்டும். டிராப் டி, டாட்காட் போன்ற தாழ்ந்த ட்யூனிங்குகளில் வாசிப்பவர் என்றால் ஸ்கேல் நீளத்தை, அதாவது கம்பி அதிரும் நீளத்தை, கவனிக்க வேண்டும். மார்ட்டினின் 000 மாடலும் ஓஎம் மாடலும் உடல் அளவில் ஒன்றுதான். ஆனால் 000-வின் ஸ்கேல் 24.9 அங்குலம், ஓஎம்மின் ஸ்கேல் 25.4 அங்குலம். அந்த அரை அங்குலம் கம்பியின் இழுவையை மாற்றிவிடும். நீளமான ஸ்கேலில் தாழ்ந்த ட்யூனிங் தொய்வில்லாமல் நிற்கும். குறுகிய ஸ்கேலில் இடது கைக்குச் சிரமம் குறையும், கம்பியை வளைப்பதும் எளிது. எனக்குக் குறுகியதுதான் பிடிக்கும், சுரம் கொஞ்சம் தளர்வாக, பேச்சுக்கு அருகில் இருப்பதுபோல வரும்.

இன்னொரு பேஸ் வாத்தியத்தோடு சேர்ந்து வாசிக்கிறீர்களா? அப்படியானால் கிட்டாரின் ஆழமான அடிச்சுரத்துக்காக அதிகப் பணம் கொடுக்காதீர்கள். அந்த இடத்தை ஏற்கெனவே இன்னொருவர் நிரப்பிக்கொண்டிருப்பார்.

காலத்தைக் கேளுங்கள், நிறத்தை அப்புறம் கேட்கலாம்

டோன் என்றவுடன் நாம் எல்லோரும் நிறத்தைப் பற்றித்தான் பேசுகிறோம். கணீரென்று இருக்கிறது, இதமாக இருக்கிறது, இருட்டாக இருக்கிறது என்கிறோம். ஒரு சுரம் எவ்வளவு வேகமாக எழுகிறது, எவ்வளவு நேரம் தங்குகிறது, எப்படி அடங்குகிறது என்பதைக் கவனிப்பவர்கள் குறைவு. என் அனுபவத்தில் ஒரு கிட்டாரோடு நாம் நிலைத்து வாழ்வோமா என்பதை இந்தக் கால நடத்தைதான் தீர்மானிக்கிறது. நிறத்தைக் கம்பி மாற்றி ஓரளவு திருத்தலாம். சுரம் அடங்கும் விதம் கிட்டாரின் உடம்போடு பிறந்தது.

கேட்கும் வழி எளிமையானது. மூன்றாவது கம்பியில் ஐந்தாவது ஃப்ரெட்டை அழுத்தி ஒரே ஒரு சுரம் மீட்டுங்கள். முழுவதும் அடங்கும்வரை கையை எடுக்க வேண்டாம். சில கிட்டாரில் சுரம் மீட்டிய கணத்திலேயே முழு உருவத்தோடு நிற்கும், பிறகு நேர்க்கோட்டில் இறங்கும். சிலவற்றில் மீட்டிய பிறகு ஒரு நொடி மலர்ந்து, சுற்றிலும் மேல்சுரங்கள் கிளம்பி, கார்வை நீண்டுகொண்டே போகும். இன்னும் சிலவற்றில் முதலில் பளிச்சென்று வந்து சட்டென்று பாதியாகிவிடும். இப்படியே முதல் கம்பியிலும் ஆறாவது கம்பியிலும் செய்யுங்கள். மூன்று கம்பிகளும் ஒரே மாதிரி அடங்குகின்றனவா, அல்லது முதல் கம்பி செத்த பிறகும் ஆறாவது முழங்கிக்கொண்டிருக்கிறதா?

தனியாக, மெதுவாக, இடைவெளி விட்டு வாசிப்பவருக்கு மலரும் ஒலி பெரிய வரம். இரண்டு சுரங்களுக்கு நடுவில் உள்ள மௌனத்தைக் கிட்டாரே நிரப்பித் தரும். எனக்கு அது ஒத்துவரவில்லை. நான் பாடும்போது சொல் விழ வேண்டிய இடத்தில் முந்தைய கார்டின் அடிச்சுரம் இன்னும் ஒலித்துக்கொண்டிருந்தால், என் கீழ்க் குரல் அதற்குள் மூழ்கிவிடுகிறது. உச்சக் குரல் கொண்ட ஒருவர் அதே கிட்டாரோடு பாடினால் குரல் மேலே தனியாக மிதக்கும், கிட்டார் கீழே தரை போட்டுக் கொடுக்கும். ஆகவே பாடுபவர்கள் கட்டாயம் பாடிக்கொண்டே சோதிக்க வேண்டும். மற்றவர்கள் முன்னால் பாடக் கூச்சமாக இருந்தால் முணுமுணுத்தாலும் போதும். வாயை மூடிக்கொண்டு கிட்டாரை மட்டும் வாசித்துவிட்டு முடிவெடுப்பது பாதித் தகவலோடு முடிவெடுப்பது.

மரத்தைப் பற்றி

ரோஸ்வுட் என்றால் ஆழமும் நீண்ட கார்வையும், மகோகனி என்றால் நேரான, உலர்ந்த, ஒவ்வொரு சுரமும் தனித்துத் தெரியும் ஒலி, மேப்பிள் என்றால் இன்னும் சீக்கிரம் அடங்கும் ஒலி என்பது வழக்கமான பாடம். மார்ட்டினின் ரோஸ்வுட் டி-28-ஐயும் மகோகனி டி-18-ஐயும் அடுத்தடுத்து வாசித்தால் இந்தப் பாடம் சரி என்றே தோன்றும். ஆனாலும் முதுகு மரத்தின் பெயரைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதில் முக்கியமானது. முதுகும் பக்கங்களும் மட்டும் வெவ்வேறு மரத்தில், மற்றபடி ஒரே வடிவமைப்பில் 6 கிட்டார்களைச் செய்ய வைத்தார்கள். பிரேசிலிய ரோஸ்வுட், இந்திய ரோஸ்வுட், மகோகனி, மேப்பிள், சபெலே, வால்நட். 52 கலைஞர்கள் மங்கிய வெளிச்சத்தில், வெல்டிங் கண்ணாடி அணிந்துகொண்டு வாசித்துப் பார்த்தார்கள். விலை உயர்ந்த மரத்துக்கும் சாதாரண மரத்துக்கும் அவர்கள் கொடுத்த மதிப்பில் பெரிய வித்தியாசம் இல்லை.

உங்கள் காது பொய் சொல்கிறது என்று இதற்கு அர்த்தம் செய்துகொள்ள வேண்டாம். நாம் கேட்கும் வித்தியாசம் உண்மைதான், அதற்கான புகழ் முழுவதையும் முதுகு மரத்துக்குக் கொடுப்பதுதான் சரியில்லை. மேல்பலகை, அதன் அடியில் ஒட்டிய பிரேசிங் என்ற தாங்கு சட்டங்கள், உடலின் ஆழம், கம்பி எல்லாம் சேர்ந்தே அந்த ஒலியைத் தருகின்றன. மரத்தின் பெயர் எந்தக் கிட்டாரை முதலில் எடுத்துப் பார்ப்பது என்று சொல்லட்டும். வாங்குவதற்கான காரணமாக அது இருக்க வேண்டாம். பிரேசிலிய ரோஸ்வுட்டுக்காக மிகப் பெரிய தொகை கேட்கப்படும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த மரம் 1992-லிருந்து அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது, அனுமதிப் பத்திரம் இல்லாமல் நாட்டு எல்லையைத் தாண்டக் கூடாது. கிட்டாரோடு பயணம் செய்பவர்களுக்கு இது ஓயாத தலைவலி. இந்திய ரோஸ்வுட், அதாவது ஈட்டி மரம், மார்ட்டின் 1969-ல் மாறிக்கொண்ட மரம். அதில் செய்த கிட்டார்களில் எதுவும் குறைந்துபோனதாக நான் கேட்டதில்லை. 2017-ல் அதற்கும் சைட்டிஸ் கட்டுப்பாடு வந்தது, முழுமையாகச் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019 இறுதியில் விலக்குக் கிடைத்துவிட்டது.

மேல்பலகைதான் உங்கள் கையோடு நேராகப் பேசும் மரம். இங்கே கேட்க வேண்டியது இரண்டு எல்லைகள். ஜி கார்டைப் பிடித்து, காதுக்கு எட்டும் மிக மெல்லிய அளவில் மீட்டுங்கள். அந்த மெல்லிய ஒலியிலேயே கிட்டார் முழுமையாகப் பேசுகிறதா, அல்லது இன்னும் அழுத்து என்று கேட்கிறதா? இது கீழ் எல்லை. பிறகு படிப்படியாக அழுத்தம் கூட்டுங்கள். ஓர் இடத்துக்கு மேல் ஒலி பெருகாமல் கலங்க ஆரம்பிக்கும். அது மேல் எல்லை. சீடர் பலகையில் கீழ் எல்லை மிகத் தாழ்ந்திருக்கும், தொட்டாலே பேசும், ஓங்கி அடித்தால் சீக்கிரம் கலங்கும். ரெட் ஸ்ப்ரூஸ் எனப்படும் அடிரான்டாக் ஸ்ப்ரூஸ் நேர் எதிர். எவ்வளவு அடித்தாலும் இன்னும் தரும், ஆனால் மெல்லிய கைக்கு முழுதாக விழிக்காது. சிட்கா ஸ்ப்ரூஸ் நடுவில் நிற்கும். எங்கல்மன், ஐரோப்பிய ஸ்ப்ரூஸ் வகைகள் மென்மையான கைக்குக் கொஞ்சம் நெருங்கி வரும். இவை பொதுவான போக்குதான், செய்பவரின் கை இதையெல்லாம் மாற்றிவிடும்.

என் நண்பர் ஒருவர் தடித்த பிக்கால் வேகமாக வாசிப்பவர். அவருடைய டிரெட்னாட் என்ற பெரிய உடல் கிட்டாரில் அடிரான்டாக் மேல்பலகை. அவர் கையில் அது ஓர் அறையை நிரப்பும். நான் அதே கிட்டாரை வாங்கி விரலால் மீட்டினால் மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து யாரோ பேசுவதுபோல இருக்கும். கிட்டாரில் குறையே இல்லை. அதன் கீழ் எல்லை என் கையின் மேல் எல்லைக்கு அருகில் இருக்கிறது, அவ்வளவுதான். விலையுயர்ந்த கிட்டாரைப் பற்றி அடுத்தவர் சொல்லும் எந்தப் புகழ்ச்சியையும் ஏற்கும் முன் அவர் எப்படி மீட்டுகிறார் என்று பாருங்கள்.

உடலும் கழுத்தும்

டிரெட்னாட் வடிவம் 1916-ல் டிட்சன் என்ற நிறுவனத்துக்காக மார்ட்டின் செய்துகொடுத்தது. 1931-லிருந்துதான் சொந்தப் பெயரில் விற்றார்கள். ஓஎம் 1929-ல் வந்தது. பெர்ரி பெக்டெல் என்ற பான்ஜோ கலைஞர் கேட்டதால், உடலுக்கு வெளியே 14 ஃப்ரெட்டுகள் இருக்கும்படி செய்தார்கள். இந்த வரலாறு தெரிந்தால் ஒலியும் புரியும். டிரெட்னாட்டின் பலம் அடிச்சுரமும் சத்தமும். ஓஎம்மின் பலம் ஆறு கம்பிகளும் சமமாகப் பேசுவது. 12 ஃப்ரெட்டில் உடல் தொடங்கும் பழைய வடிவத்தில், கம்பிகளின் அடிமுனையைப் பிடிக்கும் பிரிட்ஜ் மேல்பலகையின் அகன்ற பகுதியின் நடுவை ஒட்டி உட்காரும், ஒலி உருண்டையாக வரும். மேல் ஃப்ரெட்டுகளை எட்டுவது கஷ்டம். என் கிட்டார் இந்த வகைதான், சிறிய உடல், மகோகனி முதுகு. மேல் ஃப்ரெட்டுகளுக்கு நான் அதிகம் போவதில்லை என்பதால் எனக்கு இழப்பு ஒன்றும் இல்லை.

கழுத்தின் நுனியில் கம்பிகள் படியும் நட்டின் அகலத்தில் 42.9 மி.மீ., 44.5 மி.மீ. என்ற எண்களைப் பார்ப்பீர்கள். தாளில் அற்பமாகத் தெரியும் இந்த வித்தியாசம் கையில் நன்றாகவே தெரியும். விரலால் மீட்டுபவர்கள் வலது கைப் பக்கத்தில், பிரிட்ஜின் மேல் கம்பிகள் படியும் சாடிலில், கம்பிகளுக்கிடையே உள்ள இடைவெளியையும் அளந்து பார்க்கட்டும். அதைப் பலர் கேட்பதே இல்லை. உடலின் ஆழம் தோள்பட்டைக்கு முக்கியம். கால் மணி நேரம் வாசித்த பிறகு தோள் தூக்கிக்கொண்டிருந்தால் அந்த உடல் உங்களுக்கு இல்லை, ஒலி எவ்வளவு பிடித்திருந்தாலும்.

பளபளக்கும் சிப்பி வேலைப்பாடு ஒலிக்கு எதையும் சேர்க்காது. கண்ணுக்குப் பிடித்திருந்தால் தாராளமாக வாங்கலாம், அழகான பொருளை எடுத்து வாசிக்கவே கை போகும்.

ஒப்பிடும்போது

இரண்டு கிட்டாரை நியாயமாக ஒப்பிடுவது கடினமான வேலை, சூழல் நம்மை எளிதில் ஏமாற்றிவிடும். முதலில் கம்பி. ஒன்றில் புதுக் கம்பியும் இன்னொன்றில் மாதக்கணக்கில் பழகிய கம்பியும் இருந்தால் நீங்கள் கேட்பது கம்பியின் வயதை. வகையும் தடிமனும்கூட முக்கியம். 80/20 பிரான்ஸ் கம்பி பளிச்சென்று இருக்கும், பாஸ்பர் பிரான்ஸ் கொஞ்சம் இதமாக, நிறைவாக இருக்கும். முதல் கம்பி 0.012 அங்குலம் உள்ள லைட் செட்டுக்கும் 0.013 உள்ள மீடியம் செட்டுக்கும் இழுவையே வேறு. கடைசி இரண்டு கிட்டார்கள் என்று முடிவான பிறகு, இரண்டிலும் ஒரே செட்டைப் போட்டுக் கேட்க அனுமதி கேளுங்கள். இவ்வளவு விலை கொடுப்பவருக்கு அது நியாயமான கோரிக்கை.

இரண்டையும் ஒரே சுருதிக்குச் சேருங்கள். கொஞ்சம் ஏறிய சுருதியில் இருப்பது தெளிவாகத் தோன்றும், சத்தம் கூடுதலாக இருப்பது சிறந்ததாகத் தோன்றும். ஒரே நாற்காலியில், ஒரே திசையில் உட்காருங்கள். அறையின் மூலை அடிச்சுரத்தைப் பெருக்கிவிடும். ஒரே எட்டு பார் இசையை ஒன்றில் வாசித்து, உடனே அடுத்ததில் வாசியுங்கள். ஒலியின் நுணுக்கத்தை நினைவு வெகுநேரம் பிடித்து வைத்துக்கொள்ளாது. ஒரு சமயத்தில் இரண்டு கிட்டார் மட்டும். ஒன்றை நிராகரித்த பிறகு மூன்றாவதை எடுங்கள். கண்ணை மூடிக்கொண்டு, யாராவது மாற்றி மாற்றிக் கையில் கொடுக்கும்படி செய்தால் இன்னும் நல்லது.

வாசிக்கும் பாட்டு சாதாரணமானதாக இருக்கட்டும். வித்தை காட்டும் துண்டுகளை வாசிக்கும்போது கவனமெல்லாம் விரலில் போய்விடும், காது வேலை செய்யாது. கண்ணை மூடினாலும் வரும் ஒரு மெதுவான பாட்டுதான் சோதனைக்கு உரியது.

கிட்டாரின் வாய் முன்னால் பார்த்திருக்கிறது, உங்கள் காது அதன் மேலே பின்னால் இருக்கிறது. அதனால் வாசிப்பவர் கேட்பதும் எதிரே இருப்பவர் கேட்பதும் ஒன்றல்ல. வேறொருவரை வாசிக்கச் சொல்லி இரண்டு மீட்டர் எதிரே உட்கார்ந்து கேளுங்கள். அப்புறம் நீங்களே ஒரு சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து வாசியுங்கள், முன்னால் போகும் ஒலி திரும்பி வந்து காதில் விழும். வீட்டில் தனக்காக வாசிப்பவர் தன் காதுக்கு வருவதையே நம்பலாம். மேடைக்கும் பதிவுக்கும் வாசிப்பவர் எதிர்ப்பக்கத்துக்கு அதிக மதிப்புக் கொடுக்க வேண்டும். செல்போனில் பதிவு செய்து கேட்பதும் உதவும், ஆனால் பல போன்கள் மெல்லிய ஒலியைத் தாமே தூக்கி, பெரிய ஒலியை அமுக்கிவிடும். நிறத்தை ஒப்பிட மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்.

ஒவ்வொரு கம்பியிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டாக, பன்னிரண்டு வரைக்குமாவது மெதுவாக ஏறிப் பாருங்கள். கிட்டாரின் உடலுக்குள் இருக்கும் காற்றுக்கென்று சொந்தமாக ஒரு சுரம் உண்டு, பெரும்பாலும் அது ஆறாவது கம்பியில் ஜி-யைச் சுற்றி, மூன்றாவது ஃப்ரெட்டுக்கு அக்கம்பக்கத்தில் வரும். அந்த ஒரு சுரம் மட்டும் பொங்கி வந்து சட்டென்று அடங்கினால், நீங்கள் ஜி-யில் நிறையப் பாடுபவரா என்று யோசியுங்கள். அங்கே ஏற்படும் சிறு எரிச்சல் தினமும் வரும்.

ஆக்‌ஷன் (ஃப்ரெட்டுக்கு மேல் கம்பி நிற்கும் உயரம்) சரியில்லாத கிட்டாரை அதற்காக மட்டும் ஒதுக்க வேண்டாம். 12-வது ஃப்ரெட்டில் ஆறாவது கம்பி சுமார் 2.4 மி.மீ., முதல் கம்பி சுமார் 1.8 மி.மீ. உயரத்தில் இருந்தால் பெரும்பாலான கைகளுக்குச் சரிப்படும், நல்ல லூத்தியர் (கிட்டார் செய்து பழுது பார்ப்பவர்) ஒருவர் அதை எளிதாகக் கொண்டுவருவார். ஆனால் பழைய கிட்டாரில் கம்பி உயரமாக இருந்து, சாடிலும் பிரிட்ஜுக்கு மேல் ஏறக்குறைய தெரியாத அளவுக்குத் தேய்க்கப்பட்டிருந்தால், கழுத்தின் கோணத்தையே திருத்த வேண்டியிருக்கும். அந்தச் செலவையும் விலையோடு சேர்த்துப் பாருங்கள். அறையின் ஈரப்பதத்தையும் கேளுங்கள். 45 முதல் 55 சதவீதம் கிட்டாருக்கு ஏற்றது. மிகவும் காய்ந்தால் ஒலி மெலிந்து கூர்மையாகும், ஈரம் ஏறினால் மந்தமாகும். அந்த எல்லைக்கு வெகு வெளியே இருக்கும் நாளில் கேட்ட ஒலியை வைத்து இறுதி முடிவு எடுக்காதீர்கள்.

"வாசிக்க வாசிக்கத் திறந்துகொள்ளும்" என்று விற்பவர் சொல்வார். திறந்துகொள்ளலாம். ஆனால் இன்று உங்களுக்குப் பிடிக்காத குணம் நாளை மாறும் என்ற நம்பிக்கையில் வாங்காதீர்கள். இன்றைக்குக் கேட்கும் ஒலிக்குத்தான் பணம் கொடுக்கிறீர்கள்.

பளிச்சென்ற கிட்டார் முதல் பத்து நிமிடத்தில் எல்லோரையும் கவரும், காது களைத்த பிறகுதான் அதன் கூர்மை உறுத்தும். ஆகவே இடையில் எழுந்து வெளியே போங்கள், கொஞ்ச நேரம் எதையும் கேட்காமல் இருந்துவிட்டுத் திரும்பி வாருங்கள். முடிந்தால் வேறொரு நாள் வாருங்கள். இரண்டாம் முறை எடுத்தபோது எந்தக் கிட்டாரில் பாட்டின் வேகம் தானாகக் குறைந்தது, எதில் சுரங்களுக்கு நடுவே இடைவெளி விடத் தோன்றியது என்று கவனியுங்கள். எனக்கு இறுதியில் முடிவு சொன்னது அதுதான். ஒரு கிட்டாரில் நான் கார்டுகளைக் குறைத்து வாசிக்க ஆரம்பித்திருந்தேன், ஏனென்றால் ஒவ்வொன்றும் போதுமானதாக இருந்தது.

வாங்கிய பிறகு முதல் சில வாரங்களில் இரண்டு மூன்று வகைக் கம்பிகளைப் போட்டுப் பாருங்கள், ஒவ்வொன்றும் பழகும்வரை பொறுங்கள். லைட் செட்டில் மூச்சு விடும் கிட்டார் மீடியம் செட்டில் இறுகிப்போகலாம், சில நேரம் நேர்மாறாகவும் நடக்கும். மீடியத்துக்குப் போகும் முன் அந்தக் கிட்டார் அவ்வளவு இழுவையைத் தாங்குமா என்று செய்தவரின் குறிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். சரியான செட் கிடைத்ததும் அதன் பெயரையும் தடிமனையும் ஒரு சீட்டில் எழுதிப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள்.